வலிமை குன்றியோரின் வில்

வேடர் குலத்து ஏகலைவனின் கதையை அறியாதார் நம்மிடையே இலர். துரோணரின் மண்ணுருவை ஆசானாக வைத்துத் தானே வில்வித்தை பயின்ற அவ்விளைஞன், குருதட்சணையாகத் தன் வலக்கைக் கட்டைவிரலை அரிந்து கொடுத்தான். எஞ்சிய விரல்களால் அவன் பின்னரும் அம்பு எய்தான் என்றும், ஆயினும் முன்னைய விரைவு அவன் கைக்கு மீளவில்லை என்றும் பாரதம் கூறும். கேட்கப்பட்டது ஒரு விரலே. எனினும் அவ்வொரு விரலோடு அவனது வித்தையின் சிறப்பும் போயிற்று. வில் என்னும் கருவி மனித உடலை எத்துணை நம்பியிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விரல் இழந்தவர், தோள் தளர்ந்தவர், கால் வழங்காதவர் ஆகியோர் மீண்டும் வில்லேந்தி வேட்டைக்காட்டினுள் புகுதல் கூடுமா? கூடும் என்று விடை பகர்ந்த கருவி ஒன்று உண்டு. அதுவே குறுக்குவில். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக் காடொன்றில், சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவர், முதன்முறையாகக் குறுக்குவில்லுடன் விடியலை எதிர்நோக்கிக் காத்திருக்கும் காட்சியை மனக்கண்முன் நிறுத்துவோம். அக்காட்சியின் பொருளை முற்றாக உணர வேண்டுமாயின், ஏறத்தாழ 2300 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று வருதல் அவசியமாகும். அவர் மடிமீது கிடக்கும் அவ்வில்லை ஒரு காலத்தில் சமயத் தலைவர்கள் சபித்தார்கள், அரசர்கள் தடுத்தார்கள், வில்லாளர்களே இகழ்ந்தார்கள். அத்தனைக்கும் காரணம் ஒன்றே.

அக்காரணம் குறுக்குவில்லின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. சாதாரண வில்லை ஏந்துபவன் ஒரே நேரத்தில் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும். நாணை இழுக்கவேண்டும், இழுத்த நாணைத் தாங்கி நிற்கவேண்டும், தாங்கி நின்றவாறே குறிபார்த்து விடவேண்டும். தோள் நடுங்குமாயின் குறி தவறும். குறுக்குவில்லிலோ வில்தண்டு ஒரு மரக்கட்டையின் தலைப்பிற் குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். நாணை இழுத்துக் கட்டையிலுள்ள கொளுவியில் மாட்டிவிட்டால், விசையைத் தட்டும்வரை அது அங்கேயே நிற்கும். இழுக்கும் வேளை வேறு, எய்யும் வேளை வேறு. இழுப்பவர் ஒருவராகவும் எய்பவர் மற்றொருவராகவும் இருப்பினும் குற்றமில்லை. கை இழுக்கலாம், கால் இழுக்கலாம், நெம்புகோலோ பற்சக்கரமோ இழுக்கலாம். வில்லுக்கு வேண்டிய வலிமையையும் வில்லாளனுக்கு வேண்டிய நிதானத்தையும் ஒன்றினின்று மற்றொன்றாகப் பிரித்தமையே இக்கருவி செய்த புதுமை.

பொறியால் இயங்கும் வில் நம் இலக்கியத்துக்கும் புதியதன்று. மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம், அவற்றுள் வளைவிற்பொறியையும் எண்ணிக் கூறுகின்றது. தானே வளைந்து எய்யும் இயந்திர வில் என உரையாசிரியர் அதற்குப் பொருள் கொள்வர். எனினும் ஒரு தனிமனிதன் கையிலேந்தக்கூடிய குறுக்குவில்லை மிகப் பழங்காலத்திலேயே பெருந்தொகையாக வழங்கியவர்கள் சீனர்களாவர். சின் பேரரசனின் கல்லறையைக் காத்து நின்ற சுடுமண் படை 1974இல் வெளிப்பட்டபோது, வெண்கலத்தாலான குறுக்குவில் விசைகளும் அங்கே கிடைத்தன. மரம் மண்ணாகிப் போயிற்று, விசைமட்டும் எஞ்சியது.

அச்சீன நாட்டிலேதான், உடற்குறையுள்ள ஒருவரின் பெயர் குறுக்குவில்லோடு முதன்முதல் இணைகின்றது. அவர் பெயர் சுன் பின். போர்நூல் வகுத்த சுன் சு என்பாரின் வழித்தோன்றல் என அவரைக் கூறுவர். அவரும் பங் சுவான் என்பவனும் ஒருங்கே போர்க்கலை பயின்றவர்கள். வெய் நாட்டிலே தளபதியாய் உயர்ந்த பங் சுவான், தன்னினும் ஆற்றல் மிக்க தோழன் தலையெடுத்தல் ஆகாது என எண்ணி, அவரை வரவழைத்துப் பழி சுமத்தினான். சுன் பின்னின் கால்கள் சிதைக்கப்பட்டன. முகத்திலே குற்றவாளியின் பச்சை குத்தப்பட்டது. இனி இவன் உலகின்முன் வாரான் என்று பகைவன் நம்பினான். ஆனால் சி நாட்டின் தூதன் ஒருவன் அவரைத் தன் வண்டியில் மறைத்துக்கொண்டு சென்றான். அந்நாட்டு மன்னன் அவரையே படைத்தலைவராக்க விரும்பினான். தண்டனையால் உறுப்பிழந்தவன் தலைமை ஏற்றல் தகாது என்று மறுத்த சுன் பின், தியன் சி என்ற தளபதியின் ஆலோசகராய், மூடிய வண்டியொன்றில் அமர்ந்தபடியே போரை நடத்தினார்.

கி.மு. 341இல் மாலிங் என்னுமிடத்தில் இரு தோழர்களும் எதிர்ப்பட்டனர். சி நாட்டுப் படை பின்வாங்குவது போன்று நடித்தது. முதல் நாள் 100,000 அடுப்புகள் மூட்டப்பட்டன, மறுநாள் 50,000, மூன்றாம் நாள் 30,000. எதிரியின் படையிற் பெரும்பகுதி ஓடிவிட்டது என்று கணக்கிட்ட பங் சுவான், காலாட்படையை விட்டுவிட்டு விரைந்து துரத்தினான். மாலிங்கின் ஒடுங்கிய வழியில் சுன் பின் ஒரு பெருமரத்தின் பட்டையை உரித்து, பங் சுவான் அம்மரத்தடியிலே மடிவான் என்று அதன்மீது எழுதுவித்தார். வழியின் இருமருங்கும் 10,000 குறுக்குவில்கள் மறைந்திருந்தன. இருளில் நெருப்பு ஒளி தென்பட்டவுடன் எய்யவேண்டும் என்பது கட்டளை. இரவில் அங்கு வந்த பங் சுவான், மரத்தின் வெண்மையில் ஏதோ எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, படிப்பதற்குத் தீவட்டி ஏற்றினான். படித்து முடிக்குமுன் கணைகள் பாய்ந்தன. தோல்வியை உணர்ந்த அவன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியுள்ளார். சுன் பின்னின் போர்நூல் பல நூற்றாண்டுகள் மறைந்திருந்து, 1972இல் ஷாண்டுங் மாகாணத்துக் கல்லறை ஒன்றில் மூங்கிற் சுவடிகளாக மீண்டும் வெளிவந்தது.

இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது வெற்றிமட்டுமன்று. நடக்கமாட்டாத மனிதர் பகைவனைத் துரத்திச் செல்லவில்லை. பகைவன் தம்மிடம் வருமாறு செய்து, அவன் வரவுக்காகக் காத்திருந்தார். நாணேற்றிய வில்லை இழுத்துப் பிடித்தவாறு ஒரு சேனை முழுவதும் இருளில் நெடுநேரம் நிற்றல் இயலாது. குறுக்குவில்லாளன் நிற்க இயலும். துரத்துவோருக்குரிய கருவி நெடுவில் என்றால், காத்திருப்போருக்குரியது குறுக்குவில்.

ஐரோப்பாவிலும் இவ்வில்லை நாம் முதலிற் காண்பது பெரும்பாலும் வேட்டைக் களத்திலேயாகும். ஸ்கொத்லாந்தின் சென் விஜியன்ஸ் என்ற ஊரிலுள்ள பழைய சிற்பக்கல் ஒன்றில், முக்காடிட்ட வேட்டுவன் ஒருவன் முழந்தாளிட்டு அமர்ந்து, காட்டுப்பன்றியைக் குறுக்குவில்லாற் குறிபார்க்கின்றான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அச்சிற்பத்திலும் அவன் ஓடவில்லை, பதுங்கிக் காத்திருக்கின்றான்.

போர்க்களத்தில் அது பெருகியபோதே அச்சம் பிறந்தது. முதலாம் சிலுவைப்போரின் காலத்திலே மேற்கிலிருந்து வந்த வீரர்கள் வைத்திருந்த இவ்வில்லைப் பற்றி, பைசாந்தியப் பேரரசனின் மகளும் வரலாற்றாசிரியையுமான அன்னா கொம்னேனா வியப்போடு எழுதினார். கிரேக்கர் அறியாத அந்நியர் வில் என்றும், அதனை வளைப்பவன் மல்லாந்து கிடந்து இரு கால்களாலும் வில்தண்டை உதைத்து, இரு கைகளாலும் நாணை இழுக்கவேண்டும் என்றும் அவர் விளக்கினார். 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் திருச்சங்கம், கிறித்தவர்மீது குறுக்குவில்லையும் வில்லையும் ஏவும் கொலைக்கலையைத் தடைசெய்தது. அத்தடையை அரசர்கள் பொருட்படுத்தவில்லை. குறுக்குவில்லாளரைப் பெரிதும் போற்றிய இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சாட், 1199இல் பிரான்சின் சாலு கோட்டை முற்றுகையின்போது குறுக்குவிற் கணையொன்று தோளிற் பாய்ந்து, அப்புண் முற்றி மாண்டான். 1215இன் மகாசாசனத்தில், அந்நியக் குறுக்குவில்லாளரை நாட்டைவிட்டு அகற்றுவதாக ஜோன் மன்னன் வாக்களிக்க நேர்ந்தது.

இவ்வளவு வெறுப்பு ஏன்? நெடுவில்லாளன் ஒருவனை உருவாக்குவதற்குச் சிறுவயது முதற் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். 1545இல் மூழ்கி 1982இல் கடலினின்று மீட்கப்பட்ட மேரி றோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றுட் பலவற்றை முழுதும் இழுப்பதற்கு 100 இறாத்தலுக்கு மேற்பட்ட வலிமை தேவைப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர் முடிபு. அக்கப்பலில் மாண்டோரின் எலும்புகள் சிலவற்றிலே, இளமை முதல் வில்லிழுத்ததால் நேர்ந்திருக்கக்கூடிய தோள்மாற்றங்களையும் அவர்கள் கண்டுள்ளனர். அத்தகைய தோளைச் சில வாரப் பயிற்சி பெற்ற எளியவன் ஒருவன் எதிர்த்து நிற்கலாம் என்றால், பயின்ற தோளுக்கு மதிப்பு யாது? கவசமணிந்த குதிரைவீரனைப் பெயரற்ற கூலிவீரன் வீழ்த்தலாம் என்றால், குலப்பெருமைக்கு மதிப்பு யாது? எட்டாம் ஹென்றி 1541இற் பிறப்பித்த சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் வருமானமில்லாதார் குறுக்குவில்லையோ கைத்துவக்கையோ வைத்திருத்தலாகாது என்றது. நெடுவிற் பயிற்சி அழியக்கூடாது என்பது அச்சட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆயினும் உடல்வலியற்றவனுக்கும் உதவும் கருவியை உடைமையுள்ளவனுக்கு மட்டும் உரியதாக்கியமையே அதன் விளைவு. ஏகலைவனிடம் விரலைக் கேட்ட உலகந்தான் இங்கு வருமானக் கணக்கைக் கேட்டது.

துவக்கு பெருகியபின் போர்க்களத்தில் இரண்டு வில்களும் ஓய்ந்தன. வில் விளையாட்டாகவும் வேட்டைக் கலையாகவும் எஞ்சியது. அவ்வாறு எஞ்சிய வில் உடற்குறையுற்றோரின் வாழ்வில் மீண்டும் புகுந்தது இரண்டாம் உலகப்போரின் பின்னராகும். ஜேர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்தை அடைந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் 1944இல் முதுகந்தண்டு முறிந்தோருக்கான பிரிவைத் தொடங்கினார். அதுவரை அத்தகையோர் படுக்கையிலேயே மெல்ல மாண்டுபோவது இயல்பாய் இருந்தது. குட்மன் அவர்களை எழுப்பி உட்கார்த்தினார். கையில் வில்லைக் கொடுத்தார். 1948 யூலை 29ஆந் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், காயமுற்ற முன்னாட் படையினர் 16 பேர் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து அவ்வைத்தியசாலை வளவில் விற்போட்டி நடத்தினர். 1960இல் றோமாபுரியில் நடைபெற்ற முதலாவது பராலிம்பிக் போட்டிகளுக்கு அதுவே வித்தாயிற்று. கால்கள் வழங்காதவரும், நடப்பவரோடு ஒரே இலக்கை ஒரே தூரத்தினின்று எய்து சமமாகப் போட்டியிடத்தக்க கலை வில்வித்தை என்பதைக் குட்மன் கண்டறிந்திருந்தார்.

ஆயினும் அச்சமத்துவம் தோளுள்ளவர்க்கே வாய்த்தது. முறிவு கழுத்தெலும்பை அண்டி நேர்ந்ததாயின் கைகளும் தளர்ந்துவிடும். ஒரு கையை இழந்தவர், பக்கவாதத்தால் ஒருபுறம் விழுந்தவர், தசைகள் நாளுக்கு நாள் மெலியும் நோயுடையவர், மூட்டுவாதத்தால் முடங்கிய முதியவர் ஆகியோருக்கு இழுத்து எய்யும் வில் எட்டாக் கனியாகவே இருந்தது.

அமெரிக்காவில் இது வெறும் விளையாட்டுப் பிரச்சினையாக இருக்கவில்லை. அங்கே மான்வேட்டை, தந்தை மகனுக்குக் கற்பித்து, குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கும் குடும்ப வழக்கம். கொல்லாமையைத் தலையாய அறமெனப் போற்றும் நம்மவர்க்கு அவ்வழக்கம் உவப்பாக இராது. ஆனால் ஓநாய் முதலிய பகைவிலங்குகள் அருகிப்போன காடுகளில் வெண்வால் மான்கள் அளவின்றிப் பெருகிப் பயிரையும் இளமரங்களையும் அழிக்கின்றன என்பதும், அத்தொகையை மட்டுப்படுத்தவே வேட்டைப்பருவங்கள் சட்டத்தால் வகுக்கப்படுகின்றன என்பதும் கருதத்தக்கன. அந்நாட்டுச் சிற்றூர்களில், வேட்டைப்பருவத்திற் காட்டுக்குச் செல்லாத ஆண்மகன் திருவிழாவுக்குப் போகாது வீட்டிலே தங்கிவிட்டவன் போலாவான். விபத்தொன்று ஒருவரின் தோளை முடக்கும்போது, அவர் இழப்பது தோளைமட்டுமன்று; தோழரையும் இழக்கிறார்.

வில்வேட்டை அங்கே புத்துயிர் பெற்ற வரலாறும் சுவையானது. யாகி என்ற பூர்வகுடியின் கடைசி மனிதரென அறியப்பட்ட இஷி 1911இற் கலிபோர்னியாவில் வெளிப்பட்டார். அவரிடம் வில்வித்தை பயின்ற சக்ஸ்டன் போப் என்ற வைத்தியர் அக்கலையை நாடெங்கும் பரப்பினார். 1934இல் விஸ்கொன்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனியான மான்வேட்டைப் பருவத்தை வகுத்தது. துவக்குக்கு நவம்பர் இறுதியில் ஒன்பது நாள்களே என்றால், வில்லுக்குச் செப்தெம்பர் நடுப்பகுதியிலிருந்து பல வாரங்கள் எனப் பிற்காலத்தில் அப்பருவம் நீண்டது. வில்லால் மானைப் பெறுதல் அரிது என்பதே இச்சலுகைக்குக் காரணம். ஆகவே குறுக்குவில்லும் வில்லே என்று எவரேனும் கூறியபோது வில்லாளர்கள் கொதித்தெழுந்தனர். நாணைத் தாங்கிப் பிடியாதவன் வில்லாளன் அல்லன். குறுக்குவில் புகுந்தால் மான்கள் மிகுதியாக வீழும். பருவம் சுருங்கும் என்பன அவர்களது வாதங்கள். போப்பின் பெயரையும் தாங்கி 1961இல் நிறுவப்பட்ட போப் அன்ட் யங் கழகம், குறுக்குவில்லாற் பெற்ற வேட்டையைத் தன் பதிவேட்டில் ஏற்றதில்லை. அதேவேளை, 1969இல் ஹொலெஸ் அலன் என்பார் காப்புரிமை பெற்ற கப்பி வில், முழுதும் இழுத்தபின் தாங்கும் பாரத்தைப் பெரிதும் குறைக்கும் இயந்திரமாயிருந்தும், காலப்போக்கில் வில்லாளர்களின் வரவேற்பைப் பெற்றது. தோளுள்ளவனின் சுமையைக் குறைத்த பொறி கலையாயிற்று. தோளற்றவனின் சுமையைத் தாங்கிய பொறி குற்றமாயிற்று.

இந்நிலையில் பல மாநிலங்கள் கண்ட நடுவழி, உடற்குறையுள்ளோருக்கு மட்டும் சிறப்பு அனுமதிப்பத்திரம் வழங்குவதாகும். வைத்தியரின் அத்தாட்சி அதற்கு வேண்டும். சில இடங்களில் விண்ணப்பதாரர் குறித்த பாரத்தை இழுக்கமாட்டார் என்பதைச் சோதித்தே உறுதிப்படுத்தினர். புனர்வாழ்வுச் சட்டம் 1973இலும், அங்கவீனமுற்ற அமெரிக்கரின் உரிமைச் சட்டம் 1990இலும் இயற்றப்பட்ட நாட்டில், இவ்வனுமதி பலருக்குக் காட்டின் கதவைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் வாயிலில் ஒரு கசப்பும் இருந்தது. அன்று ஏகலைவன் விரலைக் கொடுத்து வில்லை இழந்தான். இங்கோ விரலில்லை என்று மெய்ப்பித்தாலன்றி வில் கிடையாது. மற்றையோர் தம் திறமையைச் சொல்லி வேட்டைக்குப் போக, இவர் தம் இயலாமையைச் சொல்லிப் போகவேண்டியிருந்தது.

அவ்வாறு அனுமதி பெற்ற ஒருவரின் முதல் நாளை இனிக் காண்போம். அத்தகையோர் பலருடைய அனுபவத்துக்கும் பொதுவான சித்திரம் இது. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே, மகனோ நண்பனோ அவரது நாற்காலியைக் காட்டோரம்வரை தள்ளிச் செல்கின்றான். ஈரநிலத்திற் சக்கரம் புதையும். ஆதலால் வழி முன்னரே பார்த்து வைக்கப்பட்டிருக்கும். மான் நடமாடும் தடத்திலிருந்து ஏறத்தாழ 30 யார் தொலைவிலே, காற்று மானின் பக்கமிருந்து இவர் பக்கம் வீசும்படியான இடத்தில், இலைநிறத் துணிக்கூடாரம் நிற்கின்றது. நாற்காலி உள்ளே புகுந்ததும் சக்கரங்களைப் பூட்டிவிடுகிறார்கள். வில் முக்காலியொன்றின்மீது பொருத்தப்படுகின்றது. 150 இறாத்தலுக்குக் குறையாத அதன் நாணைத் துணைவன் கயிற்றுக்கப்பியால் இழுத்து மாட்டுகின்றான். அக்கப்பி பாரத்தைப் பாதியாக்கும். கைப்பிடிச் சக்கரத்தைச் சுழற்றி நாணேற்றும் பொறியுள்ள வில்லாயின், ஒரு கை மட்டுமுள்ளவரும் தாமே அதைச் செய்யலாம். கைகளும் வழங்காதவருக்கு, வாயிலுள்ள குழாயை ஊதியோ உறிஞ்சியோ விசையைத் தட்டும் அமைப்பும் உண்டு. கணையை வைத்தபின், காவற்பூட்டு இடப்பட்டிருக்கிறதா என்றும், நாண் ஓடும் தடத்தில் விரல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் இருமுறை பார்க்கவேண்டும். அத்தடத்தில் அகப்பட்ட விரலை நாண் சிதைத்துவிடும்.

பின்னர் காத்திருத்தல் தொடங்குகின்றது. வைத்தியசாலைப் படுக்கையிலே மாதக்கணக்காக அசையாது கிடந்தவருக்கு அசையாதிருத்தல் புதிதன்று. அங்கே அது தண்டனையாயிருந்தது. இங்கே அதுவே திறமையாகின்றது. ஓடியாடித் திரியும் இளைஞன் அரைமணியிற் பொறுமையிழந்து இருமுவான், சப்பாத்தை உரசுவான். இவர் இலை விழும் ஓசைக்கும் குளம்பு மிதிக்கும் ஓசைக்கும் வேறுபாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மான் வந்தாலும் எய்யலாம் என்பதில்லை. 40 யாருக்கு அப்பால் நிற்குமாயின் விடுதலே முறை. விரைவான குறுங்கணைகூட அத்தூரத்தைக் கடக்க ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கு செல்லும். நாணின் ஓசையோ பத்திலொரு பங்கில் மானின் செவியை எட்டிவிடும். ஓசை கேட்ட மான் உடலைத் தாழ்த்திப் பாயும்; கணை படவேண்டிய இடத்திற் படாது, புண்பட்ட விலங்கு காட்டினுள் துன்புறும். ஆகவே அருகில் வரவேண்டும், பக்கவாட்டில் நிற்கவேண்டும், இடையிற் கிளையிருத்தல் ஆகாது. எய்தபின்னும் அரைமணி நேரம் அமைதியாயிருந்து, குருதித்தடம் பற்றித் தேடவேண்டும். தேடி இழுத்துவருதல் துணைவனின் கடன். இவற்றுள் எதனையும் குறுக்குவில் எளிதாக்கவில்லை. வில் அவருக்குப் பதிலாக இழுத்தது. அவருக்குப் பதிலாகத் தீர்மானிக்கவில்லை. எய்வதா விடுவதா என்று நெடுநாட்களின் பின்னர் தாமே முடிவுசெய்யும் நிலையை அது அவருக்கு அளித்தது. உண்பது, உடுப்பது, உறங்குவது யாவற்றையும் பிறர் தீர்மானிக்கக் கிடந்த ஒருவருக்கு இதன் அருமை தெரியும்.

உடற்குறையுற்ற ஒவ்வொருவருக்கும் குறுக்குவில்தான் விதி என்றும் கொள்ளலாகாது. அலெக்சாந்தர் காலத்து இந்தியக் காலாட்கள் ஆளுயர வில்லை நிலத்தில் ஊன்றி இடக்காலால் அழுத்தி எய்தனர் என்று கிரேக்க ஆசிரியர் அரியன் எழுதினார். பிறவியிலேயே கைகளற்ற அமெரிக்கர் மற் ஸ்டட்ஸ்மன், குடும்பத்துக்கு வேட்டையிறைச்சி தேடும் நோக்கோடு வில்லைக் காலாலேந்தப் பழகி, 2012இல் இலண்டன் பராலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கமும் 2024இற் பாரிசில் தங்கமும் வென்றார். அவ்வாறே கைகளற்ற இந்திய மங்கை சீத்தல் தேவி, பாரிசிற் கலப்புக் குழுப்போட்டியில் வெண்கலம் பெற்றார். யாருக்கு எது இயலும் என்பதை அத்தாட்சிப் பத்திரம் முற்றாக அறிவதில்லை. எந்த வில் என்பதை ஏந்துபவரே தெரிந்துகொள்ள இடமிருத்தல் வேண்டும்.

காலமும் அத்திசையிலேயே சென்றது. வேட்டுவர்கள் மூப்படைந்தனர்; தோள் நோவு தோளுள்ளவர்க்கும் வந்தது. பென்சில்வேனியா 2009இல் தன் வில்வேட்டைப் பருவத்தைக் குறுக்குவில்லுக்கும் திறந்துவிட்டது. உடற்குறையுள்ளோருக்கும் 65 வயதானோருக்கும் மட்டும் அதனை அனுமதித்திருந்த விஸ்கொன்சின், 2013இற் சட்டமியற்றி 2014 முதல் எல்லார்க்கும் உரிய குறுக்குவிற் பருவத்தை வகுத்தது. நிறுத்திய வாகனத்திலிருந்து எய்தல் போன்ற வேறு சலுகைகளுக்கே அங்கு சிறப்பு அனுமதி தேவைப்பட்டது. குறுக்குவில்லைக் கையிலேந்தியவரைக் கண்டதும், இவருக்கு என்ன குறையென்று கேட்க இடமில்லாது போயிற்று. ஊனத்தின் அடையாளமாயிருந்த கருவி பல கருவிகளுள் ஒன்றாயிற்று. சலுகையாக வந்தது பொதுவழக்கமாக மாறியபோதே அது முழு உரிமையின் தன்மையைப் பெற்றது எனலாம். தனியே திறந்த பக்கக்கதவினும், எல்லாரும் புகும் தலைவாயில் அகன்றிருத்தலே மேலன்றோ?

விஸ்கொன்சின் காட்டிலே நாம் விட்டுவந்தவர் இன்னும் கூடாரத்தினுள் இருக்கின்றார். முதல் நாளில் மான் கிடைத்தல் அரிது. பெரும்பாலும் பெட்டை மானொன்று தொலைவிற் கடந்து செல்லும். அல்லது காற்றுத் திசைமாறி யாவும் கலைந்துவிடும். பொழுது ஏறியதும் துணைவன் வந்து, கணையை எடுத்துவிட்டு, நாணை முறைப்படி தளர்த்தி, நாற்காலியின் பூட்டைத் திறக்கின்றான். வழியில் அயலவர்கள் எதிர்ப்படுகின்றனர். அவர்களும் வெறுங்கையோடுதான் மீள்கின்றனர். என்ன கண்டாய் என்று அவர்கள் கேட்கின்றனர். அவரது உடல்நலத்தை அன்று எவரும் விசாரிக்கவில்லை. கண்டதையும் தப்பியதையும் அவரும் அவர்களைப் போலவே சற்றுக் கூட்டிச் சொல்லிக்கொண்டு வீடு திரும்புகின்றார்.